கோல்ஃப் மைதானம் போடும் தூண்டில்

பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்துகளையும் நேராக அடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து முதல் குழியிலேயே எட்டு ஷாட் எடுப்பவர்கள் எல்லா மைதானங்களிலும் உண்டு. தலையைத் தூக்கிவிட்டேன், இடுப்பு திரும்பவில்லை, பிடி தளர்ந்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல ஆண்டுகள் ஆடியபின் எனக்குத் தோன்றுவது வேறு. அந்த அரை மணி நேரத்தில் உடல் எதையும் மறப்பதில்லை. பயிற்சித் திடல் கேட்காத கேள்விகளை மைதானம் கேட்கிறது. மட்டையைப் பிடிக்கவும் தோளைத் திருப்பவும் சொல்லித்தர ஆட்கள் ஏராளம். இந்தக் கேள்விகளைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு.

முதலில் தரை. பயிற்சித் திடலில் காலுக்கடியில் சமதளமான விரிப்பு இருக்கிறது. மைதானத்தில், ஒவ்வொரு குழிக்கும் முதல் ஷாட் அடிக்கும் மேடையான டீயை விட்டு இறங்கியபின் அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. பந்து பாதத்தைவிட உயரத்தில் கிடந்தால், வலக்கை ஆட்டக்காரருக்கு அது இடப்பக்கம் போகும். தாழ்வாகக் கிடந்தால் வலப்பக்கம் போகும். ஏற்றத்தில் நின்று அடித்தால் உயரமாக எழும்பித் தூரம் குறையும். இறக்கத்தில் தாழப் பறந்து அதிகம் உருளும். இது வெறும் வடிவியல். உலகின் முதல்தர ஆட்டக்காரர் அடித்தாலும் பந்து அப்படித்தான் போகும். அவர் அதை முன்பே கணக்கில் வைத்துக் குறியை நகர்த்திக்கொள்கிறார். நாமோ வளைந்துபோன பந்தைப் பார்த்து நம் வீச்சில் கோளாறு தேடுகிறோம். கோளாறே இல்லாத வீச்சைத் திருத்தப் போய் அடுத்தடுத்த குழிகளையும் கெடுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய நட்டம்.

சரிவில் நான் கடைப்பிடிப்பது எளிய முறை. ஏற்ற இறக்கங்களில் தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்துக்கொள்வேன். முழு வீச்சு வீசமாட்டேன். முக்கால் வீச்சு போதும். ஏற்றமாக இருந்தால் ஏழாம் எண் அயர்னுக்குப் (இரும்பு மட்டை; எண் குறையக் குறையத் தூரம் கூடும்) பதில் ஆறாம் எண். பந்து வளையப் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகக் குறி. உயரமான புல்லில் பந்து கிடந்தால் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மட்டை முகத்துக்கும் பந்துக்கும் இடையே புல் சிக்கினால் பின்சுழற்சி குறைந்துவிடும். அப்போது பந்து வழக்கத்தைவிட அதிகத் தூரம் போகலாம், விழுந்த இடத்திலும் நிற்காது. நல்ல ஷாட் என்று மகிழ்ந்து நிமிரும்போது பந்து, குழியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் தரையான கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய்க்கொண்டிருக்கும்.

தரையாவது நேர்மையானது, அதன் சரிவு கண்ணுக்குத் தெரிகிறது. மைதானத்தை வடிவமைத்தவர் அப்படிப்பட்டவர் அல்லர். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய அலிஸ்டர் மெக்கன்ஸி ஒரு மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படையுடன் அறுவை மருத்துவராகப் போனவர். அங்கே போயர் வீரர்கள் நிலத்தோடு நிலமாகப் பதுங்கியிருந்த விதம் அவரை ஈர்த்தது. அந்த உருமறைப்புக் கலையைப் பின்னாளில் மைதான அமைப்பில் பயன்படுத்தினார். இதை அறிந்த பிறகு நான் மைதானத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கிரீனை ஒட்டியிருப்பதுபோல் தெரியும் பங்கர் (மணற்பள்ளம்) பல சமயம் அதற்கு இருபது, முப்பது கெஜம் முன்னாலேயே இருக்கும். இடையில் உள்ள வெற்றுநிலம் கண்ணுக்குத் தெரியாது. குழியைக் காட்டும் கொடி நாம் நினைப்பதைவிடத் தள்ளி இருக்கும். நாம் குறைந்த தூரம் அடிக்கும் மட்டையை எடுப்போம். பந்து முன்னாலேயே விழும். டீயின் மேடையே சில குழிகளில் காட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேடையின் விளிம்புக்கு இணையாக நின்றால் பந்து காட்டுக்குத்தான் போகும்.

கண் சொல்வதை நம்பாமல் எண்ணை நம்புவதுதான் இதற்கு வழி. தூரமானி இருந்தால் கொடிக்கு மட்டும் அளக்காமல் பங்கரின் அப்பக்க விளிம்பு, கிரீனின் முன்விளிம்பு, பின்விளிம்பு எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் டீக்கும் கிரீனுக்கும் இடையே புல்லைக் குட்டையாக வெட்டிய ஃபேர்வேயில் பதித்திருக்கும் தூரக்குறிகளைப் பாருங்கள். பெரும்பாலான மைதானங்களில் அவை கிரீனின் நடுவரை உள்ள தூரத்தைத்தான் காட்டுகின்றன. அது நல்லதற்கே. ஒரு காலத்தில் என்னோடு ஆடிய மூத்தவர் ஒருவர், நான் மட்டையை எடுக்கும்போதெல்லாம் கேட்பார்: "தம்பி, கொடி இல்லையென்றால் எங்கே அடிப்பீர்கள்?" கிரீனின் நடுவே என்பேன். "அப்படியென்றால் அங்கேயே அடியுங்கள். கொடி நமக்காக வைத்தது இல்லை." அவரைவிடத் தொலைவாக அடிப்பவர்கள் எங்களில் பலர் இருந்தோம். அவரை வென்றவர்கள் குறைவு.

அந்தப் பேச்சின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில். அகஸ்டாவின் பன்னிரண்டாவது குழி 155 கெஜம்தான். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அது சின்ன அயர்ன் தூரம். ஆனால் கிரீனுக்கு முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை; கிரீன் ஆழம் குறைந்தது, குறுக்காகச் சாய்ந்து கிடப்பது; மரங்களுக்கு மேலே காற்று ஒரு திசை, கீழே ஒரு திசை. கடைசி நாளில் கொடியை வலது ஓரத்தில் வைப்பது அங்கே வழக்கம். கேப்கா, போல்ட்டர், மோலினாரி, ஃபினாவ் ஆகிய நால்வரும் அன்று அங்கே பந்தை ஓடையில் போட்டார்கள். டைகர் உட்ஸ் கொடியைத் திரும்பியும் பார்க்காமல் இடப்பக்கம் கிரீனின் அகலமான பகுதிக்கு அடித்து, இரண்டு புட்டில் (கிரீனில் பந்தை உருட்டும் ஷாட்) முடித்து, பார் (குழிக்கு வகுத்த ஷாட் எண்ணிக்கை, அங்கே மூன்று) எடுத்தார். ஒரே ஷாட் வித்தியாசத்தில் கோப்பை அவருக்குப் போனது. மூன்றாண்டுகளுக்கு முன் 2016இல் இதே குழியில் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் போட்டு ஏழு எடுத்த ஜோர்டன் ஸ்பீத், கடைசி ஒன்பது குழிகளைத் தொடங்கும்போது ஐந்து ஷாட் முன்னிலையில் இருந்தவர். 1980இல் டாம் வைஸ்காஃப் அங்கே எடுத்தது 13. இவர்களுக்கெல்லாம் அடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

காற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்காற்று கொடுக்கும் தூரத்தைவிட எதிர்காற்று பறிக்கும் தூரம் அதிகம். எதிர்காற்றில் பலமாக அடிக்கத் தோன்றும், அதுதான் கூடாது. பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடி, பந்து எழும்பி, மேலே தொங்கி, பின்வாங்கி விழும். இரண்டு எண் நீளமான மட்டையை எடுத்து, குட்டையாகப் பிடித்து, மெதுவாக வீசினால் பந்து தாழப் போகும். காற்று எப்படியிருக்கிறது என்று பார்க்கப் புல்லைக் கிள்ளி வீசுவார்கள். அது நம் இடுப்பு உயரத்துக் காற்றைத்தான் காட்டும். பந்து பறக்கும் உயரத்துக் காற்று வேண்டுமென்றால் மர உச்சிகளைப் பாருங்கள்.

இனி, என் பட்டறிவில் சாதாரண ஆட்டக்காரரை மிக அதிகமாக வதைக்கும் விஷயம்: தொலைந்த பந்து. மிகத் தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்து வீசுகிறோம், பந்து வலப்புற மரங்களுக்குள் போய் மறைகிறது. 2019க்கு முன் தேட ஐந்து நிமிடம் தந்தார்கள். இப்போது மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு ஷாட் அபராதத்தோடு, அடித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பங்களுக்கு வெளியே போனாலும் அதே கதி. டீயிலிருந்து மறுபடி அடிப்பது மூன்றாவது ஷாட்டாகிவிடுகிறது. இந்த விதி மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. மட்டை பந்தைத் தொடாமல் காற்றை மட்டும் வெட்டினால் ஒரு ஷாட்தான் போகிறது. இருநூற்றைம்பது கெஜம் பறந்து எல்லைக் கோட்டை ஒரு விரற்கடை தாண்டினால் ஷாட்டும் போகிறது, தூரமும் போகிறது. இதில் என்ன நியாயம்? ஆனாலும் விதி விதிதான்.

ஆகவே சந்தேகம் இருந்தால், டீயை விட்டு நகருமுன் "தற்காலிகப் பந்து அடிக்கிறேன்" என்று உடன் ஆடுபவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்தே ஆட்டத்தில் இருக்கும் பந்தாகிவிடும்; பிறகு முதல் பந்து ஃபேர்வேயின் நடுவில் கிடந்தாலும் பயனில்லை. பந்து பறக்கும்போது வெறுப்பில் திரும்பிக்கொள்ளாமல், அது எந்த மரத்தருகே மறைந்தது என்று பார்த்து வையுங்கள். சிவப்புக் கம்பம் நட்ட பகுதிக்குள் போயிருந்தால் கவலை குறைவு. ஒரு ஷாட் அபராதத்தோடு, பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து, குழிக்கு நெருங்காமல், இரண்டு மட்டை நீளத்துக்குள் முழங்கால் உயரத்தில் போட்டு ஆடலாம். வெள்ளைக்கும் சிவப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரிந்தால், டீயில் நிற்கும்போதே எந்தப் பக்கம் தவறலாம், எந்தப் பக்கம் கூடவே கூடாது என்று தீர்மானித்துவிடலாம். இருபுறமும் வெள்ளை என்றால் டிரைவர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அதற்காக டிரைவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'புட்டிங்தான் பணம், டிரைவிங் வெறும் காட்சி' என்ற பழைய பேச்சைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி புள்ளிவிவரங்களோடு மறுத்திருக்கிறார். நல்ல ஆட்டக்காரரைச் சாதாரணமானவரிடமிருந்து பிரிக்கும் ஷாட்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிப்பவை என்பது அவர் கண்டது. தூரம் உதவும். ஆனால் பந்து ஆட்டத்துக்குள் இருந்தால்தான் உதவும்.

பங்கருக்கு வருவோம். எங்கள் குழுவில் மணலைக் கண்டதும் முகம் வெளிறுபவர்கள் இருந்தார்கள். உண்மையில், கிரீனை ஒட்டிய சாதாரண பங்கரில் பந்தை நேராக அடிக்க வேண்டிய தேவையே இல்லை. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை மணலுக்குள் நுழைய வேண்டும்; மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது. மணலுக்கென்றே உள்ள மட்டையான சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்வாகப் புடைத்திருக்கும். மட்டை மணலில் புதைந்துபோகாமல் சறுக்கிக்கொண்டு போவது அதனால்தான். ஜீன் சாரசென் தம் மட்டையின் அடியில் ஈயம் சேர்த்து இந்த வடிவைச் சீர்செய்து, 1932 பிரிட்டிஷ் ஓபனில் பயன்படுத்தி வென்றார். மட்டை முகத்தை முதலில் திறந்து, பிறகு பிடியுங்கள். பிடித்தபின் மணிக்கட்டைத் திருப்பினால் வீசும்போது அது பழைய நிலைக்கே வந்துவிடும். வீச்சை நடுவில் நிறுத்தாதீர்கள். பயத்தில் பாதியில் நிறுத்துவதால்தான் பந்து மணலிலேயே கிடக்கிறது. வீசுமுன் மட்டையால் பந்துக்கு முன்னோ பின்னோ மணலைத் தொட்டால் அபராதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செங்குத்தான சுவர் கொண்ட ஆழப் பங்கர்களுக்கு இந்த வித்தை எடுபடாது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் பதினேழாவது குழியில் கிரீனின் இடுப்பில் குடைந்த பங்கர் ஒன்று உண்டு. 1978 ஓபனில் டாமி நகாஜிமா இரண்டே ஷாட்டில் கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து அடித்த புட் உருண்டு அந்தப் பங்கருக்குள் இறங்கிவிட்டது. வெளியே வர நான்கு ஷாட் பிடித்தது, குழிக்கு ஒன்பது. அப்படிப்பட்ட சுவருக்கு எதிரே நிற்கும்போது கொடி எங்கே இருக்கிறது என்ற கேள்வியே தேவையில்லை. எந்தப் பக்கம் சுவர் தாழ்வு என்று மட்டும் பாருங்கள். பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அடித்து வெளியேறுவதில் வெட்கம் இல்லை. அதுவும் முடியாதென்றால், 2019 முதல் இரண்டு ஷாட் அபராதத்தோடு பந்தைப் பங்கருக்கு வெளியே, கொடியும் பந்தும் சேரும் கோட்டில் பின்னால் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது.

கிரீனில் நான் கற்றதை ஒரே சொல்லில் சொன்னால்: வேகம். குழியின் விட்டம் 4.25 அங்குலம், 1891 முதல் அதுதான் அளவு. எட்டு அடி தூரத்திலிருந்து அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றுப்பயண ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். இதை அறிந்தபின் எட்டடி புட் தவறும்போது மட்டையைத் தரையில் குத்துவதை விட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்று புட் ஆவது பெரும்பாலும் திசைத் தவறால் நேர்வதில்லை. முதல் புட் ஆறடி குறைவாகவோ கூடுதலாகவோ நிற்பதால் நேர்கிறது. ஆகவே ஆட்டத்துக்கு முன் பயிற்சிக் கிரீனில் குழியைப் பார்த்து அடிக்காமல், முப்பதடி, நாற்பதடி புட்களை அடித்து அன்றைய வேகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே மைதானத்திலும் காலைப் பனியில் ஒரு வேகம், பிற்பகலில் ஒரு வேகம். கிரீனின் வேகத்தை அளக்க 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கிய ஸ்டிம்ப்மீட்டர் ஒரு சாய்பலகைதான். அதிலிருந்து பந்து எத்தனை அடி உருள்கிறதோ அதுவே வேகம். அந்த எண் மைதான அலுவலகத்தில் எழுதிப் போட்டிருந்தாலும் நம் கை அதைப் படிக்காது. உருட்டித்தான் அறிய வேண்டும். சரிவைக் குழியின் தாழ்வான பக்கத்திலிருந்து பாருங்கள். அங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். பெர்முடா வகைப் புல்லில் புல் சாய்ந்திருக்கும் திசையும் பந்தை இழுக்கும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் ஏன் தோற்கிறார்கள்? 1999 பிரிட்டிஷ் ஓபன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம், கடைசிக் குழி. ஜான் வான் டி வெல்ட் மூன்று ஷாட் முன்னிலையில் இருந்தார். ஆறு எடுத்தாலும் கோப்பை அவருடையது. பேரி பர்ன் ஓடையில் காலணியைக் கழற்றிவிட்டு அவர் நின்ற படத்தைக் காட்டி இன்றும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தவறான இடத்தில் விழுகிறது என்பேன். தண்ணீரில் இறங்கினாரே தவிர, அங்கிருந்து அவர் அடிக்கவில்லை. அபராதத்தை ஏற்றுப் பந்தை வெளியே போட்டுத்தான் ஆடினார். டீயில் டிரைவர் எடுத்தது ஒன்று, இரண்டாவது ஷாட்டில் 2ஆம் எண் அயர்னால் கிரீனை நோக்கி அடித்தது மற்றொன்று. ஆட்டம் கைநழுவியது அங்கேதான். இரண்டாவது பந்து பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் திரும்பி, அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது துரதிர்ஷ்டம். ஆனால் குறுந்தூர மட்டையான ஒரு வெட்ஜால் முன்னே தள்ளிவிட்டு, இன்னொன்றால் கிரீனுக்கு வந்திருந்தால் துரதிர்ஷ்டத்துக்கு இடமே இருந்திருக்காது. ஏழு எடுத்து, கூடுதல் ஆட்டத்தில் பால் லாரியிடம் தோற்றார்.

நம் அளவில் இதற்கு ஒரு பழக்கம் போதும். சிக்கலில் மாட்டியதும், மட்டையைத் தொடுமுன், "இதே ஷாட்டைப் பத்து முறை அடித்தால் எத்தனை முறை சரியாக வரும்?" என்று கேட்டுக்கொள்வது. மரங்களுக்கு நடுவே தெரியும் ஜன்னல் அளவு இடைவெளிக்கு நேர்மையான விடை இரண்டு அல்லது மூன்று. ஃபேர்வேக்குப் பக்கவாட்டில் தட்டிவிடுவதற்கு விடை ஒன்பது. வடிவமைப்பாளர் அந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார். அடைத்திருந்தால் யார் முயல்வார்கள்?

ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் பற்றிக் கொஞ்சம். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். எனவே அது நம் சராசரி ஆட்டத்தைக் காட்டாது. நல்ல நாளில் நாம் எட்டக்கூடியதைக் காட்டும். பெரும்பாலான நாள்களில் அதைவிட மோசமாகத்தான் ஆடுவோம், அது இயல்பு. மதிப்பெண் அட்டையில் ஸ்லோப் என்று ஓர் எண் இருக்கும். 55 முதல் 155 வரை. 113 என்பது அடிப்படை அளவு. எண் கூடக் கூட, தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் அந்த டீயிலிருந்து கூடுதலாகக் கடினம் என்று பொருள். ஒவ்வொரு டீக்கும் இந்த எண் தனித்தனி. கிரீனிலிருந்து அதிகத் தொலைவில் உள்ள பின் டீயில் ஏறி நிற்குமுன் அதை ஒரு முறை பாருங்கள்.

முன் டீயில் ஆடுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் நிறைய. டிரைவரில் இருநூறு கெஜம் போகும் ஒருவர் 430 கெஜக் குழியைப் பின் டீயிலிருந்து ஆடினால், இரண்டாவது ஷாட்டுக்கு மிச்சம் 230 கெஜம். கையில் இருக்கும் எந்த மட்டையும் அவ்வளவு தூரம் போகாது. எங்கே அடிப்பது, எந்தப் பக்கம் தவிர்ப்பது என்ற யோசனைக்கே இடமில்லை. இருப்பதில் பெரியதை எடுத்து முடிந்த மட்டும் அடிக்க வேண்டியதுதான். அதே குழியை முன் டீயிலிருந்து ஆடினால் கையில் ஏழாம் எண் அயர்ன் இருக்கும். கிரீனின் நடுவா, கொடியா? பங்கருக்கு மேலா, பக்கமா? மெக்கன்ஸி போன்றவர்கள் அந்தக் குழியில் என்ன கேட்டார்கள் என்பதே அங்கிருந்துதான் காதில் விழும்.